கடுகு

மருந்து ஏறிய உடம்புக்கு
வெளிச்சம் ஆகாது.
டிரோம்ஸோவில் ஜூன் மாதம், பொழுதே அடைவதில்லை.
ஓட்வார் ஜன்னலெல்லாம் தார்ப்பாய் அடித்துவிட்டுக்
காரின் பின்னிருக்கையில் போர்வைக்குள் வந்தார்.
"நாற்பது வருஷம் காட் மீன் பிடித்தேன்.
இப்போது நானே பெட்டிக்குள்."

நாக்கில் நீல ஒளியைக் காட்டினேன்.
பொய் பிடிபட்ட முகம்போலத்
திரையில் சிவந்தது புற்று.
கண்ணுக்கு ஒரே புண்.
கேமராவுக்கு, பல்லோரம் இன்னொன்று,
கடுகளவு.

அப்புறம் சிவப்பு லேசர்.
எரிகிறதா என்று கேட்டேன்,
வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம்!
கட்டைவிரல் மட்டும் ஆடியது.

செம்மை வெளுக்க வெளுக்க
மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.
பெரியது முதலில் அணைந்தது.
கடுகுக்குத்தான் காரம்.
இன்னும் இருபது விநாடி, இங்குன், என்றேன்.
அவள் கையை எடுக்கவில்லை.