ஏழாம் குப்பி

சேலத்து வெயிலில் ஆண் ஈக்கள் மலடாகும்.
அதனால்தான் எங்கள் ஆய்வகம் மலையேறியது.
இருபது கொண்டைஊசி தாண்டி
நாகலூர் போகும் வழியில்
காபிக்கொட்டை மூட்டை அடுக்கியிருந்த கிடங்கு.
எத்தனை முறை வெள்ளையடித்தாலும்
மழை பிடித்தால் சுவரில்
பழைய கொட்டைவாசம் கசிகிறது.

எல்லாம் இருட்டில்.
பள்ளிக்கு டிபன் கட்டுகிறவள் மாதிரி
குப்பி குப்பியாக அலுமினியத் தாள் சுற்றுகிறாள் எப்சிபா.
மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்ட்:
ராமாயி காய்ச்சி இறக்கும் கூழில்
ஆறிய பிறகு ரெட்டினால் சில துளி.
சூட்டோடு விட்டால் வீண்.

எங்கோ ஒரு குளத்தில்
வெளிச்சம் பார்த்து நீந்திய பாசி.
அதற்குக் கண் என்று ஒன்றுமில்லை.
ஒளி பட்டால் திறக்கும் சின்னக் கதவு மட்டும்.
அந்தக் கதவு செய்யும் மரபணுவை எடுத்து
ஈ மூளையின் லட்சத்துச் சொச்சம் நரம்பணுக்களில்
நாலே நாலில் பொருத்தியிருக்கிறோம்.
ஏற்காட்டு ஏரிப் படகுத்துறையில் வழுக்கி விழுந்தவர்கள்
பாசியை இவ்வளவு மரியாதையாக நினைத்திருக்க மாட்டார்கள்.

பொத்தானை அழுத்துகிறேன்.
சிவப்பு.
போய்க்கொண்டிருந்த ஈ நிற்கிறது,
பின்னால் நடக்கிறது.
அணைத்தால் முன்னால்.
சிவப்பு.
பின்னால்.
பதிமூன்றாம் வளைவில்
எதிரே சில்வர் ஓக் ஏற்றிய லாரி வந்துவிட்டால்
நம்ம பஸ் போகுமே, அப்படி,
பின்விளக்கு எரிய,
கண்டக்டர் இறங்கி விசிலூத,
உள்ளே ஒருத்தரும் மூச்சுவிடாமல்.
ஈக்கு விசிலும் இல்லை, லாரியும் இல்லை.
ஏன் போகிறோம் என்று
அதற்குள் ஏதாவது ஒன்று கேட்டுக்கொள்ளுமா?
திட்ட அறிக்கையில் அதற்குப் பத்தி ஒதுக்கவில்லை.

முதல் வாரம் குதித்தோம்.
மூன்றாம் வாரம் எப்சிபா சொன்னாள்,
"அது நடக்கலடி. நாம நடக்குறோம்."
சொல்லிவிட்டு அடுத்த குப்பியை எடுத்தாள்.

ஏழாம் குப்பி ஒப்பீட்டுக்கு.
வெறுங்கூழ் தின்ற ஈக்கள்.
கதவு உண்டு, கீல் இல்லை.
சிவப்பைக் கொட்டினாலும் ஒன்றும் நடக்காது.
ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அவற்றின் உத்தியோகம்.

செவ்வாய் இரவு கரண்ட் போனது.
இன்வெர்ட்டரில் கேமரா மட்டும்
அகச்சிவப்பில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.
மறுநாள் ஓட்டிப் பார்த்தேன்.
இரண்டு மணி நாற்பத்தொன்று.
விளக்கில்லை, ரெட்டினால் இல்லை,
தட்டில் இன்னொரு ஈ கூட இல்லை.
ஏழாம் குப்பி ஈ
நின்றது.
முன்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டது.
பின்னால் ஏழடி வைத்தது.
அப்புறம் திரும்பித் தன்பாட்டுக்குப் போனது.

மூன்று முறை எண்ணினேன். ஏழுதான்.

பாத்திரம் எடுக்க வந்த ராமாயி
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
"அதுவா போனா கணக்குல வராதா?"
வராது என்றேன்.
விதிவிலக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது,
அதில் போட்டுச் சேமித்தேன்.
அவள் கூழ் ஒட்டிய சட்டியைச் சுரண்டத் தொடங்கிவிட்டாள்.

சனிக்கிழமை கீழே இறங்கினேன்.
அடிவாரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி,
அஸ்தம்பட்டியில் குண்டு மாம்பழம் ஒரு டஜன் வாங்கி,
மூன்று வருஷமாகப் பேசாத அக்கா வீட்டுக்கு
வழி கேட்காமலே போய்ச் சேர்ந்தேன்.
கேட்டில் புதுப் பெயிண்ட்.
உள்ளே குக்கர் சத்தம்.
காலிங்பெல்லுக்கு விரல் நீட்டினேன்,
எடுத்தேன்,
பின்னால் இரண்டடி வைத்தேன்.

தெருவிளக்கு வெள்ளையாகத்தான் எரிந்தது.
யாரும் எதையும் அழுத்தவில்லை.
மலையிலிருந்து ஒரு கேமராவும் பார்க்கவில்லை.

பையிலிருந்து இரண்டு ஈக்கள்,
எந்தப் பாசியும் எந்தக் கதவும் இல்லாத
சாதா மாம்பழ ஈக்கள்,
கேட்டின் கம்பிகளுக்கு நடுவே
எனக்கு முன்னாடி உள்ளே போயின.