குறிப்பாணைக்கு விளக்கம்

மதிப்பிற்குரிய முதல்வர் மேடம் அவர்களுக்கு,
மூன்றாம் ஆண்டு வணிகவியல், விளையாட்டு ஒதுக்கீடு,
ர. புஷ்பவதனி எழுதுவது.

பணம் வாங்கினேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.
மூவாயிரத்து ஐந்நூறு.
குன்னூர் மார்க்கெட் படிக்கட்டுக்குக் கீழே
ஆல்வின் பேக்கரி அண்ணன்,
வர்க்கி பாக்கெட்டில் என் படம் போடக் கொடுத்தார்.
நூறு பாக்கெட்தான் அடித்தார்.
அச்சில் ஒரு கண் கொஞ்சம் விலகி விழுந்திருக்கிறது.

இரண்டாயிரத்து எண்ணூறுக்கு ஸ்பைக்ஸ்.
மிச்சத்தில் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினோம்.
ரசீது இரண்டும் இணைத்திருக்கிறேன்.
பல்லை இணைக்கவில்லை.

சேரும்போது முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினீர்கள்,
பெயரையும் உருவத்தையும் விற்க மாட்டேன் என்று.
வாசித்துத்தான் போட்டேன்.
என் பெயரிலேயே வதனம் இருக்கிறது,
ஒன்றை எழுதினால் இரண்டையும் கொடுத்த மாதிரிதான்.
ஆனால் அன்றைக்கு அதை வாங்க யார் இருந்தார்கள்?
இல்லாத மாட்டுக்கு மூக்கணாங்கயிறு
என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பத்தாயிரம் மீட்டர்.
தங்கம் என்றார்கள். கடித்துப் பார்த்தேன்,
தகரம் ருசித்தது.
மறுவாரமே
பேருந்து நிலையத்தில் பன்னிரண்டுக்கு எட்டு அடியில் நான்,
பர்லியாறு சோதனைச்சாவடியில் நான்,
கல்லூரி பஸ் இரண்டின் முதுகிலும் நான்,
கொண்டை ஊசி வளைவுதோறும்
பின்னால் வருகிற லாரிக்கு முகம் காட்டிக்கொண்டு.
'சேர்க்கை நடைபெறுகிறது' என்ற எழுத்து
என் தொண்டைக்குக் குறுக்கே.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை. பொய் சொல்வானேன்,
சந்தோஷமாகத்தான் இருந்தது.
காலையில் ஓடும்போது என்னையே தாண்டி ஓடினேன்.

உடற்கல்வி இயக்குநர் சார் சொன்னார்,
அமெச்சூர் என்ற சொல்லின் வேரைத் தோண்டினால்
நேசிக்கிறவர் என்று வருமாம்.
காசு தொட்டால் நேசம் திரிந்துவிடுமாம்.
சார் நல்லவர். மழையில் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர்.
அவருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது.
விசிலை நேசிக்காமலா ஊதுகிறார்?

அம்மாவுக்கு எஸ்டேட்டில் கிலோ கணக்கு.
சாக்கைத் தராசில் தொங்கவிட்டு,
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்து
மிச்சத்தை நோட்டில் ஏற்றுவார்கள்.
கழிக்கவாவது அங்கே ஒரு நோட்டு இருக்கிறது.
என் கிலோமீட்டர்களை யார் நிறுத்தார்கள், மேடம்?

விடிகாலை நாலே முக்காலுக்கு
லயத்திலிருந்து மேலேறும் ரோட்டில்
காட்டெருமை நின்றால் நானும் நிற்பேன்.
அது வழிவிடும் வரை
நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பேன்,
உடம்பு ஆறிவிடக் கூடாது.
அதற்கும் என்னை அடையாளம் தெரியும்.
பஸ்ஸின் முதுகில் பார்த்து அல்ல.

இன்னொன்று.
ஜூலையில் சேர்க்கை முடிந்து பேனர்களை இறக்கினீர்கள்.
காண்ட்ராக்ட் ஆள் அவற்றைச் சந்தையில் போட்டு விற்றிருக்கிறார்.
விறகுக்கு மூட அம்மா ஒன்று வாங்கி வந்தாள்,
சுருட்டியபடியே, நூற்றிருபது ரூபாய்க்கு.
பிரித்தால் நான்.
அம்மா சிரித்தாள்,
பல் போன பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு.
அப்புறம் சொன்னாள்:
தெரிந்திருந்தால் இன்னும் குறைத்துக் கேட்டிருப்பேனே.

என் முகத்தில் காசு பார்த்தவர்கள் எத்தனை பேரோ,
எனக்கு எண்ணத் தெரியவில்லை.
பேக்கரி அண்ணன் ஒருவர்தான்
போட்டுக்கொள்ளட்டுமா என்று என்னிடம் கேட்டார்.
அந்த வர்க்கியை நான் தின்பதில்லை என்பதையும்
இங்கே சொல்லிவிட வேண்டும்.
ஓடும்போது நெஞ்சைக் கரிக்கும்.

மன்னிப்புக் கடிதத்துக்கு மாதிரி கொடுத்திருக்கிறீர்கள்.
'இனி இவ்வாறு' என்பது வரை பார்த்து எழுதிவிட்டேன்.
வெளியே மழை பிடித்துவிட்டது.
காற்றுக்குப் பேனர் தூக்கித் தூக்கி அடிக்கிறது,
விறகு நனைந்தால் ராத்திரி உலை இல்லை.
போய் என் நெற்றியில் ஒரு கல் வைத்துவிட்டு வந்து
மீதியை எழுதுகிறேன்.

இணைப்பு:
ரசீது 2,
வர்க்கி 1 பாக்கெட், பிரிக்காதது.