சுருக்கப் பூச்சு

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
நாலாவது ஷட்டர்.
ஆனி மாதம். கணவாய்க் காற்று
பெயின்ட் அடிக்க விடாது.

மேனிஃபோல்ட் மட்டும் என் மேசையில்.
வண்டி எம்.ஜி., அறுபத்து நாலு மாடல்,
சித்தூர் மாத்தன் டாக்டருடையது.
"புத்தம்புதுசா வேணும், கேட்டோ" என்று
மூன்று முறை சொல்லிப் போனார்.

ஸ்ட்ரிப்பர் தடவியதும்
வெள்ளி உரிந்தது, அடியில் கறுப்பு,
அதற்கும் அடியில் யாரோ அடித்த பச்சை.
பிறகு, இரண்டாம் குழாயின் கழுத்தில்
ஒரு வெல்டிங் தழும்பு.
கீழ்ப்பக்கம் ஆணியால் கீறிய தேதி: 9-3-81.
விரலை உள்ளே விட்டேன்.
வெளியே அத்தனை அவசரம்,
உள்ளே வழவழப்பு.
காற்று போகும் வழியை மட்டும்
நாள் கணக்கில் தேய்த்திருக்கிறான்.

சுருக்கப் பூச்சுக்குச் சூடு வேண்டும்.
ஷக்கீர் பேக்கரியின் பழைய அவன் கிடைத்தது.
"பன்னு பெட்ரோல் நாறினா
நீதான் திங்கணும்" என்றான்.
கண்ணாடி வழியே இருவரும் பார்த்திருந்தோம்:
காய்ச்சிய பாலில் ஆடை மடிவதுபோல்
கறுப்பு மெல்லச் சுருங்கியது.

தழும்பை அரம் போட்டு எடுக்கவில்லை.
டாக்டர் கேட்டால், வார்ப்பே அப்படி என்பேன்.
தேதிமேல் டேப் ஒட்டித்தான் அடித்தேன்.
பானெட்டைத் திறந்தாலும் தெரியாது,
அடுத்து கழற்றுகிறவனைத் தவிர.