காரணம்: பறவை

ஆகஸ்ட் பதினேழு, காலை ஐந்து நாற்பது.
விகர்ஸ்டவுனில் அறுபத்திரண்டு வீடுகளுக்குப்
பதினொரு நிமிடம் மின்சாரம் இல்லை.
படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
'பறவை' என்று எழுதினேன்.
அதற்குமேல் எழுத அதில் இடமில்லை.

கால்வாய்ப் பாலத்துக்கு அப்பால் நாணலுக்குள் கிடந்தது.
பேடை.
ஒரு சிறகின் அடியில் மட்டும் காசளவு கருகல்.
பத்து கிலோ இருக்கும்.
தூக்கியபோது கழுத்து என் முழங்கையில் வழிந்து தொங்கியது,
சூடு ஆறாமல்.
இறகெல்லாம் புத்தம்புதுசு.
கோடையில் பழசை உதிர்த்துவிட்டு
ஆறு வாரம் பறக்காமல் கிடந்து
முளைத்த சிறகை
அன்றுதான் சோதித்திருக்கிறாள்.

படகின் மேல்தளத்தில் இரவு உடையோடு நின்ற அட்ராக்டா
"இனி அவனாலும் பறக்க முடியாதே" என்றாள்.
எனக்குப் புரியவில்லை.
தண்ணீரைக் காட்டினாள்.
அன்னச் சேவல். பின்னால் ஐந்து குஞ்சுகள்,
சாம்பல் நிறத்தில், துவைக்காத கையுறைகள் போல.

பேடைக்குச் சிறகு திரும்பியதும்
சேவல் தன்னுடையதை உதிர்க்குமாம்.
பிள்ளைகளிடம் எப்போதும்
பறக்கத் தெரிந்த ஒருவர் இருக்கும்படி
எந்தக் காலத்திலோ பேசி முடித்த முறை.
கைமாறிய வாரத்திலா
என் கம்பி குறுக்கே நிற்க வேண்டும்?

மூன்று நாள் குஞ்சுகள் சீழ்க்கையடித்தன.
இருட்டினால் வரிசையாக
நாணலைப் பார்த்தபடி மிதந்தன.
சேவல் நாணல்வரை போகும், திரும்பும்,
போகும், திரும்பும்.
அதற்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போவதும் சண்டையும்தான்.
ஆழத்துப் பாசியைப் பிடுங்கி மேலே மிதக்கவிடுவது
அவளுடைய வேலை.
நாலாம் நாள் அது தலைகீழாய்க் கவிழ்ந்து
ஒரு கற்றையோடு நிமிர்ந்தது.
ஊட்டியதா, தின்னும்போது சிந்தியதா, சொல்ல முடியாது.
குஞ்சுகள் அதையெல்லாம் கேட்கவில்லை.

செப்டம்பரில் பாரோ ஆற்றிலிருந்து
வேற்று ஜோடி ஒன்று இறங்கியது.
சேவலுக்கு அப்போது சிறகு இல்லை,
உறை பிரியாத குச்சிகள்தான்.
அந்தக் குச்சிகளைத் தூக்கிக்கொண்டு
தண்ணீர் கிழிய ஓடியது.
மறுநாள் அட்ராக்டா
படகுக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் போட்டிருந்த
ஐந்து கோடுகளில் ஒன்றை
எச்சில் விரலால் அழித்தாள்.

அலுவலகத்தில் சிவப்புத் தட்டுகள் கேட்டேன்,
காற்றில் சுழலுமே, கம்பியில் மாட்டுவது.
ஆண்டுக்கு மூன்றாவது செத்தால்தான்
அந்த இடம் பட்டியலில் ஏறும் என்றார்கள்.
அக்டோபர் நான்கு, ஞாயிறு,
வேறொரு வேலையில் மிஞ்சிய பதினாறு தட்டுகளோடு
நானே ஏறினேன்.
நாற்பது நிமிடம் மின்தடை.
யாருடைய கோழியோ அடுப்பில் பாதி வெந்து நின்றது, திட்டினார்கள்.
படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில்,
'பறவை' என்று எழுதினேன்.

அப்பனுக்கும் பிள்ளைகளுக்கும்
ஏறக்குறைய ஒரே மாதத்தில் சிறகு வந்தது.
யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்களோ.
ஐந்தும் கால்வாய் நீளத்துக்கு ஓடின,
தண்ணீரில் பாதங்கள் கைதட்டுவதுபோல் அறைய.
சேவல் எழும்பியது. மூன்று எழும்பின.
கடைசிக் குஞ்சு கம்பிக்கு மேலே போகவில்லை,
அடியில் நுழைந்து போனது.
நான் சுவாசிக்க மறந்ததை
அட்ராக்டா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

ஜனவரியில் விரட்டத் தொடங்கியது.
அந்நியரை விரட்டிய அதே விரிப்பு,
அதே சீறல், தன் பிள்ளைகள் மேல்.
சாம்பல் நடுவே அங்கங்கே வெள்ளை வந்திருந்தது அவற்றுக்கு,
அதுதான் குற்றம்.
அட்ராக்டா அதைப் பாவி என்றாள், இன்னும் மோசமாகவும்.
மூன்று போய்விட்டன.
அடியில் நுழைந்தது மட்டும்
ஒன்பது நாள் திரும்பித் திரும்பி வந்தது.
பத்தாம் நாள் வரவில்லை.

பிப்ரவரியில் ஏதையிக்குப் போகும் வழியில்
அறுவடை முடிந்த கிழங்கு வயலில்
அன்னக் கூட்டம், ஊடே ஊடே சாம்பல்.
வண்டியை நிறுத்தி எண்ணினேன்.
எது நம்முடையது என்று எப்படித் தெரியும்?
இருபத்தாறில் ஒரு டிராக்டர் உறுமியது.
எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கின.
வயலின் அந்தப் பக்கம் ஒரு கம்பி,
தட்டில்லாதது.
எண்ணிக்கையை விட்டுவிட்டு
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.