அவி என்றொரு பொத்தான்

துணைமின் நிலையத்தில் இன்று பராமரிப்பு.
பதினொன்றரைக்கு மின்சாரம் போய்விடும்.
முப்பத்தெட்டுப் பேருக்குப் பதினான்கு கணினி,
அதில் இரண்டு மவுஸுக்குள் மண்டபத்தின் உப்புக்காற்று குடியிருக்கிறது,
இடப்பக்கம் இழுத்தால் மேலே போகும்.

நாடாவும் சுருளுமாய்க்
கறுப்புத் திரையில் எழுந்து நின்றது புரதம்.
பாடப்புத்தகத்தில் இதுவே
காயப்போட்ட காரல்போல் தட்டையாய்க் கிடந்தது.
இங்கே அதற்கு முதுகு உண்டு.
தங்கச்சிமடம் ஜெனிட்டா சுழற்றிக்கொண்டே இருந்தாள்,
புதுப்பாத்திரத்தில் ஓட்டை தேடுகிறவள் மாதிரி.

"சிங்கி இறாலின் ரத்தம். ஹீமோசயனின்.
எல்லாவற்றையும் மறையுங்கள்.
செம்பை மட்டும் விடுங்கள்."
இருட்டில் இரண்டு புள்ளி.
"இனி அதைப் பிடித்திருக்கும் ஹிஸ்டிடின்களைக் கூப்பிடுங்கள்."
ஆறு வந்தன, பக்கத்துக்கு மூன்று.
சங்கிலியில் எங்கோ தள்ளித் தள்ளி நின்றவை,
மடிந்ததால் அண்டைவீடு ஆனவை
என்று ஆண்டுக்கொருமுறை சொல்லும் வாக்கியத்தைச் சொன்னேன்.
செம்புகளுக்கு நடுவே ஆக்சிஜன் வந்து உட்கார்ந்தால் நீலம்.
எழுந்து போனால் நிறமே இல்லை.

கடைசி வரிசை ஜுனைதா
கை தூக்காமல் பேசினாள்:
"கால் ஒடிஞ்ச நண்டு தட்டுல ஒழுகுனா
மொதல்ல தண்ணி மாதிரிதான் மிஸ் இருக்கும்.
கொஞ்ச நேரத்துல நீலம் பூக்கும்."
நண்டுக் கம்பெனியில் சதை பிரித்துவிட்டு
எட்டு மணி பேருந்தில் வருகிறவள்.
எனக்கு அது இன்றுதான் தெரிந்தது.
பிறகு கேட்டாள்:
"இத அவிச்சுக் காட்ட முடியுமா?"

சுழற்று இருந்தது. நிறம் மாற்று இருந்தது.
இரண்டு அணுக்களுக்கு இடைவெளி அள என்பதும் இருந்தது.
அவி இல்லை.
படிகத்தில் உறைந்த ஒரே ஒரு நிற்றலைத்தான்
இந்தக் கோப்பு அறியும்
என்று விளக்கத் தொடங்கும்போது
பதினொன்று இருபத்திரண்டு,
திரைகள் செத்தன.

மறுநாள் ஐஸ் நிரப்பிய டிபனுக்குள்
இருமல் மருந்துப் புட்டி கொண்டுவந்தாள்.
குலுக்கினோம். நுரைக்குக் கீழே
வெளிறிய, சந்தேகப்படலாம்போல ஒரு நீலம்.
சோதனைக்குழாயை ஸ்பிரிட் விளக்கில் பிடித்தாள்,
சொல்லிக்கொடுக்காமலே சாய்வாக.
ஓரத்திலிருந்து கலங்கியது,
கெட்டியானது,
வெண்மையானது.
சங்கிலி அறவில்லை,
ஓர் எழுத்துகூட இடம் மாறவில்லை.
ஆறு ஹிஸ்டிடினும் இனி யாரோ யாரோ.

ஜெனிட்டா குழாயை வாங்கி
வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தாள்,
முன்பக்கம், பின்பக்கம்.

மூன்று நாள் ஆய்வகத்தில் நண்டு வாசம்.
முதல்வர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்,
கணினி வாங்கிக் கொடுத்தோமே, போதாதா?
போதும் சார் என்றேன்.
ஜன்னலைத் திறந்துவிட்டேன்,
வெளியிலிருந்தும் அதே வாசம்தான் வந்தது.