கைப்பிடி

நாரஹேன்பிட்டிக் கந்தோரில் ஐந்தாம் மாடி.
மூன்று நாளாய் விடாத மழை.
மட்லாப் உரிமம் எங்களுக்கு ஒன்றுதான்,
ரிஸ்மியா வெளியேறினால்தான் நான் உள்ளே வரலாம்.
அவள் ஏழரைக்கு வெளியேறினாள்,
குடையை மேசையில் மறந்து.

திரையில் பதினொரு மதகுகள்.
மதகு என்றொரு வகுப்பைப் போன மாதம் எழுதியிருந்தேன்:
அகலம், உயரம், திறந்த அளவு,
திற என்றொரு செயல், மூடு என்றொன்று.
வகுப்பிலிருந்து பிறப்பதற்குப் பெயர் பொருள்.
அந்தச் சொல்லுக்குத் தமிழில்
அர்த்தம் என்றும் அர்த்தம், காசு என்றும் அர்த்தம்.
எங்கள் திணைக்களத்தில் இரண்டுக்கும் தட்டுப்பாடு.

வெள்ளவத்தை வாய்க்கால் முகத்தில் ஏழாவது மதகு.
திற என்றேன்.
திறந்தது என்றது திரை, ஒன்று தசம் இரண்டு மீற்றர்.
அடுத்த வரியில் மறுபடி கேட்டேன்.
பூச்சியம்.
திற.
பூச்சியம்.
பாமன்கடைப் பக்கம் மாதிரித் தண்ணீர்
முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்குத்தான் விளங்கியது,
நான் திறந்தது மதகை அல்ல, மதகின் படியை.
செயலுக்குள் நுழைகிற ஒவ்வொரு தடவையும்
மொழி அதைப் படியெடுத்துக் கொடுக்கிறது,
மரியாதையாக, ஒன்றும் சொல்லாமல்.
உள்ளே நான் போடுகிற கூத்தெல்லாம்
செயல் முடிகிற இடத்தில் கரைந்துவிடும்,
திருப்பி வாங்கி வைக்காவிட்டால்.
கச்சேரியில் கொடுத்த மனுவைப்போல:
முத்திரை குத்திய படி என் கையில்,
கோப்பு அங்கே
மூடியபடி.

மருந்து ஒரே வரி.
மதகு என்ற பெயருக்குப் பக்கத்தில்
வாய் திறந்த ஒரு சின்னக் குறி,
அதன் பின்னால் கைப்பிடி என்று.
கணக்கில் அந்தக் குறியை 'விடக் குறைவு' என்று படித்தோம்,
இங்கே அது 'இன்னாரின் பிள்ளை'.
அதைத் தேர்ந்தெடுத்தவனுக்குப் பிள்ளைகள் இருந்திராது.

இனி மதகைக் கொடுத்தால் மதகு போகாது,
அதன் பிடி போகும்.
எத்தனை பெயரில் பிடித்தாலும் கதவு ஒன்று.

திற என்றேன்.
ஏழாவது திறந்தது.
மற்றப் பத்திலும் மோட்டார் ஓடியது.

ஒரு பிளேன்டி.
மோட்டாருக்கும் அதே குறியைப் போட்டு
வகுப்பின் முகப்பிலேயே எழுதி வைத்திருந்தேன்.
முகப்பு வரியை மொழி ஒரே தடவைதான் வாசிக்கிறது.
ஒரு மோட்டாரைச் செய்து
பதினொன்றுக்கும் அதன் பிடியைப் பங்கிட்டுவிட்டது.
வரியை ஆக்கும் செயலுக்குள் நகர்த்தினேன்,
பிறக்கும்போதே அவரவர் மோட்டாரோடு பிறக்கட்டும்.

ஒன்றேகாலுக்குப் பியதிஸ்ஸ அழைத்தார்,
வாய்க்கால் முகத்திலிருந்து, மழைக்கு மேலாகக் கத்தி.
அவர் சிங்களத்தில் கதைக்க
நான் எண்களைத் தமிழில் குறித்தேன்.
மாநகர சபை, கடற்படை, அனர்த்த முகாமைத்துவம், இப்போது நான்,
நாலு பேர் நாலு விதமாய்க் கூப்பிட்டும்
எடுப்பது அந்த ஒரு ஆள்.
ஏழாவதையும் எட்டாவதையும் சேர்த்துத் திறக்கச் சொன்னேன்.
சேர்த்து ஏலாது மிஸ் என்றார்,
ரெண்டுக்கும் ஒரு மோட்டார்தான்,
மற்றது மார்ச்சில திருத்தப் போனது, இன்னும் வரேல்ல.
ஏழாவதைத் தூக்கிட்டு, கழட்டி,
எட்டாவதில பூட்டோணும். நாப்பது நிமிசம்.

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு
அந்த இரண்டை மட்டும்
மறுபடி ஒரே மோட்டாரில் கட்டினேன்,
சற்றுமுன் பிழையென்று அவிழ்த்ததை.
நாற்பது நிமிட இடைவெளியும் எழுதினேன்.
பாமன்கடையில் மாதிரித் தண்ணீர்
இன்னும் இரண்டு அங்குலம் ஏறி நின்றது.

அங்கே ஏதோ இரும்பு கிறீச்சிட்டது.
மோட்டாரா என்றேன்.
கரண்ட் போயிட்டுது மிஸ்,
கைப்பிடியால சுத்துறன்.

நாற்பதை அழித்தேன்.
எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டதற்குப் பதிலில்லை.
சுற்றுக்கொன்றாய் எண்ணத் தொடங்கியிருந்தார்,
எகய்,
தெகய்,
துனய்,
மூச்சு வாங்கி.
நான் ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டிருந்தேன்.