ஈரக்கழிவு

பஹாவ் சாலையில் ஏழாம் கட்டை.
செம்பனைக் குலை நிறுக்கும் மேடை.
லோரி ஏறி நின்றால் இரும்பு ஒருமுறை முனகும்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
ரசீதுப் புத்தகம், கல்குலேட்டர்,
பொட்டலத்திலேயே ஆறிப்போன கோப்பி.

பதினோரு வருஷமாக எண்களோடுதான் பிழைப்பு.
மொத்த எடை. வெறும் வண்டி எடை.
இரண்டுக்கும் கீழே
முதலாளி சொல்லிவைத்த ஒரு கட்டம்:
ஈரத்துக்கு நூற்றுக்கு மூன்று.

மழை நாளில் அது நியாயம்.
பெய்யாத நாளிலும் எழுதுவோம்.
கால்வாயில் தவளைகூட இல்லாத மார்ச்சில்
குலையின் முள் காய்ந்து ஒடியும்;
அப்போதும் மூன்று.
யாரும் கேட்டதில்லை.
கேட்டுக் கோபித்துப் பக்கத்து மேடைக்குப் போனால்
அங்கே நான்கு.

எழுதுவதுதான் நான், எடுப்பவர் அவர் என்று
எனக்கு நானே
ஒரு ரசீது கிழித்துக் கொடுத்திருந்தேன்.

அன்று தெய்வீகன் வந்தான்.
தோட்டத்து வீடுகளை இடித்தபோது கிடைத்த காசில்
அப்பாவும் மாமாவும் சேர்ந்து வாங்கிய ஐந்து ஏக்கர் அவனுக்கு.
தமிழ்ப்பள்ளியில் எனக்குப் பின் வரிசை.
ஐந்தாம் ஆண்டுக் கணக்குப் பரீட்சையில்
என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எழுதினான்.
நான் தப்பாகப் போட்ட வகுத்தலை
ஒரு புள்ளி தப்பாமல் தப்பாகவே எழுதியதில்
இரண்டு பேரும் முட்டி போட்டோம்.
இன்னமும் என்னை வாய்ப்பாடு என்றுதான் கூப்பிடுவான்.

அவன் பழம் ஆயிரத்து இருநூற்று அறுபது கிலோ.
முப்பத்தெட்டைக் கழித்தேன்.
வெளியே தகரம் வெடிக்கும் வெயில்.
கிலோ எழுபத்தெட்டு காசு.
எண்ணிக் கொடுத்தேன்.
எண்ணாமல் சட்டைப்பையில் வைத்தான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.
கதவை இழுக்கப் போகும்போது அவன் மோட்டார்,
தலையில் கவிழ்த்த உரச்சாக்கு.
பனியனுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பை.
அதற்குள் ஐம்பது வெள்ளி நோட்டு, நனையாமல்.

"ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துருச்சு, வாய்ப்பாடு.
கணக்கு இடிச்சா ஒன் சம்பளத்துலதான புடிப்பாரு?"

"நாளைக்குக் குடுத்தா ஆகாதா?"

"நாளைக்குன்னா செலவாயிரும்" என்று சிரித்தான்.

பின்விளக்கு மழைக்குள் கரையும்வரை நின்றேன்.
பிறகு கல்குலேட்டரைத் தட்டினேன், பழக்கம்.
முப்பத்தெட்டுப் பெருக்கல் எழுபத்தெட்டு.
இருபத்தொன்பது வெள்ளி அறுபத்துநான்கு காசு.
அந்த நோட்டை அவனே வைத்திருந்தால்
இருபது வெள்ளி முப்பத்தாறு காசு
எங்களுக்குத் தரவேண்டியவன் ஆகியிருப்பான்.
நானும் தூங்கியிருப்பேன்.
பாவி, திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அடுத்த வெட்டுக்கு மறுபடி அவன் லோரி.
இரும்பு முனகியது.
ஈரக் கட்டத்தில் பேனா நின்றது.
பூஜ்யம் போட்டேன்,
கொஞ்சம் கோணலாக, முட்டை மாதிரி.
என் கைப்பையிலிருந்து
இருபத்தொன்பது அறுபத்தைந்து எடுத்து நோட்டுகளோடு வைத்தேன்.

"இது என்ன?"

"போன தடவ நான் தப்பாப் போட்டுட்டேன்."

"ஒன்னயப் பாத்து எழுதுனா
முட்டிதான் போடணும்" என்றான்.
வேறெதுவும் கேட்கவில்லை.
புரிந்ததா என்று தெரியாது.

ராத்திரி முதலாளி ரசீது நகல்களைப் புரட்டினார்.
விரல் பூஜ்யத்தில் நின்றது.
"பழம் காஞ்சிருந்துச்சு, முதலாளி."
என்னைப் பார்த்தார். காற்றாடியைப் பார்த்தார்.
நாளை என்ன சொல்வாரோ.
வீட்டுக் கடன் இன்னும் நாலு வருஷம் இருக்கிறது.

இன்னொன்று.
தெய்வீகனுக்குப் பின்னால் நின்றது பாக் சாமாட் லோரி.
அதே மேடை, அதே வெயில்.
கை தானாக மூன்று என்று எழுதியது.
அவர் "தெரிமா காசே" சொல்லிவிட்டுப் போனார்.

இதை எழுதாமல் விட்டால்
இந்தக் கவிதையிலும்
நூற்றுக்கு மூன்று கழித்தவள் ஆவேன்.